மூன்று கேட்

மூக்கண்டப்பள்ளி சிப்காட்டில் பெரிய மதில்களுக்குப் பின்னால் இருக்கிற கம்பெனிகளின் பெயர் நாடு முழுக்கத் தெரியும். அந்த மதில்களுக்கு நடுவே ஓடும் சந்துகளில், தகரக் கூரைக்குக் கீழே ஆறு மெஷினும் எட்டு மெஷினும் வைத்து ஓட்டுகிற பட்டறைகளின் பெயர் அந்தந்தச் சந்துக்குத்தான் தெரியும். பெரிய கம்பெனியின் வண்டியில் எங்கோ ஓர் இடுக்கில் இந்தப் பட்டறையில் கடைந்த ஒரு புஷ் உட்கார்ந்திருக்கும். வண்டியை ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது.

அப்படியொரு பட்டறை. ஆடி மாதம், காலை பத்து மணி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆடிக்காற்று இங்கே புழுதியைக் கிளப்புவதோடு நிற்காது, எலும்புக்குள்ளும் போகும். உள்ளே நுழைந்தால் கூலன்ட் வாடை. வலப்பக்கம் சி.என்.சி. மெஷின்கள். இடப்பக்கம் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்து அடைத்த ஓர் அறை, அதுதான் ஆபீஸ். மேஜை மூன்று, கம்ப்யூட்டர் நான்கு, ஒரு பிரிண்டர், கதவருகே கைரேகை வைக்கிற மெஷின், அதற்கு மேல் மலைக்கோயில் சந்திரசூடேஸ்வரர் படம். மூலையில் முதலாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவனை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

கணக்கு பார்க்கிற அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் மெரூன் ஸ்வெட்டர். ஒரு காதில் போன், இன்னொரு போன் மேஜையில். வாசலில் ஒரு குட்டி யானை நின்றிருந்தது, கர்நாடகப் பதிவு எண்ணோடு. பின்னால் நீல நிறப் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் புஷ்கள், பிளேட்டிங்குக்குப் போகிறவை. டிரைவர் கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“ஆய்தா மேடம்?”

“இல்லண்ணா. நெட்டு வருது, டேலி வரல. டேலி வந்தா நெட்டு போயிடுது.”

டிரைவருக்கு இது புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை வெளியே எடுத்துக்கொண்டு வண்டியின் நிழலுக்குப் போய்விட்டார். அந்த அம்மா சொன்னது நோயை அச்சு அசலாக விவரிக்கிற வாக்கியம் என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

சரக்கு போக வேண்டிய இடம் பொம்மசந்திரா. இங்கிருந்து 20 கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் நடுவில் ஜூஜூவாடி முடிந்து அத்திப்பள்ளி தொடங்குகிறது. அதாவது மாநிலம் மாறுகிறது. மாநிலம் தாண்டுகிற சாதாரண வியாபாரத்தில் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் ஈ-வே பில், அதாவது வண்டியோடு போகிற ஆன்லைன் சீட்டு, கட்டாயம். ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்கு, அதாவது இப்படி வேலை செய்து திருப்பி வாங்க, அனுப்பினால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் ஈ-வே பில் வேண்டும். ஒரே ஒரு கிரேட் புஷ்ஷானாலும் வேண்டும். திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிற பட்டறைக்காரருக்கு எப்போதாவது எட்டிப் பார்க்கிற விதி இது. பிளேட்டிங் தொட்டி அந்தப் பக்கமும் லேத் இந்தப் பக்கமும் இருக்கிற ஓசூரில் இது தினசரிச் சோறு. பில்லுக்கு டி.சி. எண், அதாவது டெலிவரி சலான் எண், வேண்டும். டி.சி. டேலி என்கிற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. டேலியின் கணக்கு முழுதும் சுவரோரத்து கம்ப்யூட்டரில் இருக்கிறது. மற்ற கம்ப்யூட்டர்கள் அங்கிருந்துதான் எடுத்துப் படிக்கின்றன.

சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1இல் வருவதற்கு முன், இந்த எல்லையில் வணிகவரிச் சாவடி இருந்தது. லாரிகள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் காகிதக் கட்டோடு இறங்கி ஓடுவார்கள். சாவடி போன பிறகு, 2018 ஏப்ரலிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஈ-வே பில் வந்தது. அன்று லாரி நின்ற இடம் நெடுஞ்சாலை. இன்று குட்டி யானை நிற்கிற இடம் பட்டறை வாசல். சாவடி ஏழெட்டு கிலோமீட்டர் பின்னால் நகர்ந்து இந்தக் கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நெட்வொர்க் பார்க்கிற பையன் வந்தான். இருபத்துநாலு, இருபத்தைந்து வயது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, பிறகு நினைவு வந்து கழற்றினான். முதுகுப்பையில் லேப்டாப், கிரிம்பிங் டூல், ஒரு சுருள் கேபிள். மேஜை மேல் முதலாளி வாங்கி வைத்திருந்த புது ரௌட்டர், பிரிக்காத அட்டைப்பெட்டியில்.

“மேடம், நேத்து என்ன மாத்துனாங்க?”

“நேத்து சாயந்திரம் புது ஃபைபர் லைன் போட்டாங்க தம்பி. ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டிட்டுப் போனாங்க. ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாவின் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தான். பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் அதையே அடித்தான். வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டான்: “இது ஒண்ணுல இருக்கு. இது பூஜ்யத்துல இருக்கு.”

ஆபீஸ் வலைக்குள் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டதும் அது “எனக்கு ஓர் எண் கொடுங்கள்” என்று பொதுவாகக் கூவும். ரௌட்டர் ஓர் எண்ணை எடுத்துக் கொடுக்கும். ஒரு வீட்டில் இப்படிக் கொடுப்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். நேற்று மாட்டிய வெள்ளைப் பெட்டி 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தது. இதே வலையில் இன்னும் யாரோ 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எது முதலில் பதில் சொல்கிறதோ அதன் எண்ணைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். டேலி இருக்கிற கம்ப்யூட்டர் பழைய வழக்கப்படி பூஜ்யம் வரிசையில், 10 என்ற நிரந்தர எண்ணோடு உட்கார்ந்திருந்தது. பூஜ்யம் வரிசையில் எண் கிடைத்தவர்களுக்கு டேலி தெரியும், வெளி உலகம் தெரியாது. பழைய இணைப்பை நேற்றே துண்டித்தாயிற்று. ஒன்று வரிசைக்காரர்களுக்கு வெளி உலகம் தெரியும், நாலடி தள்ளி இருக்கிற டேலி தெரியாது.

அந்த அம்மா காலையிலேயே போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாராம். லேப்டாப் ஆபீஸ் வைஃபையை விட்டுப் போனோடு சேர்ந்துகொண்டது. நெட் வந்தது, டேலி கண்ணைவிட்டு மறைந்தது. நெட் என்பது வெளியே போகிற வழி. நெட்வொர்க் என்பது மேஜைக்கும் மேஜைக்கும் நடுவில் உள்ள வழி. இரண்டும் ஒழுங்காக இருக்கிறவரை அவை இரண்டு என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

“பழைய ரௌட்டர் எங்க மேடம்?”

“அது போன வருஷமே கழட்டியாச்சே.”

“கழட்டல. ஓடிட்டிருக்கு.”

தேடல் தொடங்கியது. சுவரில் ஆணியடித்துப் போயிருந்த கேபிளைக் கையால் தடவியபடியே அவன் நடந்தான். மெஷின்களுக்குப் போகும் மின் கேபிளோடு சேர்த்து நெட் கேபிளைக் கட்டியிருந்த இடத்தில் நின்று, உச்சுக்கொட்டிவிட்டு மேலே போனான். கேபிள் இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குள் நுழைந்தது. அங்கே மைக்ரோமீட்டரோடு உட்கார்ந்திருந்த இளைஞனிடம் தெலுங்கில் கேட்டான்: “பாத பெட்டி எக்கட உந்தி?” இளைஞன் கேஜ் அலமாரிப் பக்கம் கைகாட்டினான். அலமாரிக்குப் பின்னால், காலண்டருக்குக் கீழே, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று யாரோ எப்போதோ கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். மாட்டியவர் இப்போது வேலையில் இல்லை.

தெலுங்கில் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில், வாசலில் நின்ற டிரைவரிடம் “ஒந்து நிமிஷ அண்ணா” என்று கன்னடத்தில் சொன்னான். கண்ணாடி அறைக்குள் வந்து தமிழில் பேசினான். இந்த ஊரில் இதை யாரும் திறமையாக நினைப்பதில்லை.

புதுப் பெட்டியைப் பிரித்தான். அவன் செய்ததில் எனக்குப் பிடித்தது அடுத்த காரியம்தான். புது ரௌட்டர் வந்ததும் ஆபீஸ் முழுவதையும் புது எண் வரிசைக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. அப்புறம் பிரிண்டர் அச்சடிக்காது, கைரேகை மெஷின் வருகைப் பதிவை அனுப்பாது, ஒரு வாரத்துக்குப் போன் ஓயாது. இவன் புது ரௌட்டரின் முகவரியை 192.168.0.1 என்று மாற்றினான். அதாவது, ஆபீஸ் எப்படிப் பழகியிருக்கிறதோ அதற்குப் புதிதாக வந்த பெட்டியை ஒத்துப்போகச் செய்தான். தானாகக் கொடுக்கிற எண்கள் 100 முதல் 200 வரை. 100க்குக் கீழே உள்ளவை நிரந்தரக்காரர்களுக்கு. டேலிக்கு 10, பிரிண்டருக்கு 50, கைரேகைக்கு 60, கேமரா பெட்டிக்கு 70. இதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பேனல் கதவின் உட்புறம் ஒட்டச் சொன்னான். பழைய கறுப்புப் பெட்டியையும் தூக்கிப் போடவில்லை. அது எண் கொடுக்கிற வேலையை மட்டும் நிறுத்திவிட்டு, 2 என்ற எண்ணைக் கொடுத்து, இன்ஸ்பெக்‌ஷன் அறைக்கு வைஃபை பரப்புகிற வேலையில் வைத்தான். அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்து, சுவரில் மேலே மாட்டினான்.

இந்த 192.168 எண்கள் விசித்திரமானவை. 1990களில், உள்ளுக்குள் மட்டும் புழங்கட்டும் என்று மூன்று எண் தொகுதிகளை ஒதுக்கி வைத்தார்கள். அதில் ஒன்று இது. இதே எண் பக்கத்துப் பட்டறையிலும் இருக்கும், பாகலூர் சாலை ரோஜாப்பண்ணை ஆபீஸிலும் இருக்கும், பிரேசிலில் ஒரு பல் மருத்துவர் அறையிலும் இருக்கும். வெளியே போகாதவரை மோதல் இல்லை. உலகத்துக்கென்று இருந்த பழைய எண்கள் மொத்தம் ஏறக்குறைய 429 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு எண் என்றால் இந்தச் சந்துக்கு எப்போதோ கிடைக்காமல் போயிருக்கும்.

புது ரௌட்டரிலிருந்து, கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஸ்விட்சுக்குப் போகிற கேபிளைப் புதிதாக வெட்டினான். எட்டு இழைகளையும் பிரித்து, நகத்தால் நீவி நேராக்கி, வரிசைப்படுத்தும்போது உதடு அசைந்தது. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. நடுவில் நீலம் வந்து பச்சையைப் பிரிக்கிற இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். இவன் பார்க்காமலே செருகினான். டூலை அழுத்தியபோது வந்த ‘டக்’ ஒலி மெஷின் இரைச்சலில் அமுங்கியது.

“இத எங்க வைக்கிறது மேடம்?”

“சார் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டச் சொன்னாரு. கண்டவங்க கைவைக்கக் கூடாதாம்.”

“இரும்பு பீரோ. உள்ள வெச்சா சிக்னலும் பூட்டுப் போட்ட மாதிரிதான்.”

ஆளுயரத்துக்கு மேல் சுவரில் மாட்டுவதென்று முடிவாயிற்று. யு.பி.எஸ். கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் இருந்தது. கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ஓடும், வழி செத்துவிடும். ரௌட்டரையும் வெள்ளைப் பெட்டியையும் ஸ்விட்சையும் அதே யு.பி.எஸ்.ஸில் சேர்த்தான். போனில் ஏதோ ஒரு செயலியைத் திறந்து சந்தின் வைஃபைகளைப் பார்த்தான். திரையில் மலை மலையாகக் கோடுகள். சாமி பெயர்களும் கம்பெனி பெயர்களும் ஒரு நடிகர் பெயரும் ஆறாம் சேனலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒன்று, ஆறு, பதினொன்று, இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று உரசாதவை. இவன் பதினொன்றை எடுத்தான்.

பாஸ்வேர்டு விஷயத்தில்தான் கொஞ்சம் பேச்சு நீண்டது. அந்த அம்மா கம்பெனி பெயரையும் 123ஐயும் சொன்னார். பையன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான், இல்லை என்று. வைஃபை பாஸ்வேர்டு வேறு. ரௌட்டருக்குள் நுழைகிற பாஸ்வேர்டு வேறு. முதலாவது தெரிந்தவன் உங்கள் நெட்டில் படம் பார்ப்பான். இரண்டாவது தெரிந்தவன் உங்கள் வழியையே மாற்றிவிடுவான். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமலே விட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப் போட்டு 2016இல் மிராய் என்ற வைரஸ் அமெரிக்காவின் பெரிய தளங்கள் பலவற்றை முடக்கியது. அந்தப் படையில் சேர்ந்த பெட்டிகளின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் பெட்டி போருக்குப் போன விஷயமே தெரியாது. பையன் இந்தக் கதையெல்லாம் சொல்லவில்லை. “நீளமா வையுங்க மேடம், உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா” என்றான். அந்த அம்மா யோசித்து, கையால் மறைத்துக்கொண்டு, எதையோ அடித்தார். நெடுநேரம் அடித்தார்.

“வெள்ளைப் பெட்டியும் இருக்கு, இதுவும் இருக்கு. ரெண்டு எதுக்கு தம்பி?”

அவன் வாசலைக் காட்டினான். அங்கே வாட்ச்மேன் தாத்தா குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு ரெஜிஸ்டரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“ரௌட்டர் நம்ம தாத்தா மாதிரிக்கா. உள்ள பத்துப் பேர் இருந்தாலும் வெளிய நமக்கு ஒரே கதவு நம்பர்தான். நீங்க ஒரு தபால் அனுப்புறீங்கன்னா, இன்னார் மேஜையிலிருந்து போச்சுன்னு நோட்டுல எழுதிட்டு, கம்பெனி விலாசத்துல அனுப்புவாரு. பதில் வந்தா நோட்டப் பாத்து உங்க மேஜைக்கே கொண்டாந்து குடுப்பாரு. நோட்டுல இல்லாத ஆள் வந்தா கேட்டோட அனுப்பிடுவாரு. இப்ப வெள்ளைப் பெட்டி ஒரு தாத்தா, இது ஒரு தாத்தா. ரெண்டு கேட், ரெண்டு நோட்டு. வெள்ளைப் பெட்டிய வெறும் வழியா மட்டும் மாத்தலாம். அதுக்கு லைன் குடுத்தவங்க பாஸ்வேர்டு வேணும். கேட்டா நாளைக்குச் சொல்றேங்கிறாங்க.”

மேடம் எப்போது அக்கா ஆனார் என்று கவனித்தேன். பாஸ்வேர்டு அடித்த பிறகுதான்.

எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரு தடவை அணைத்துப் போட்டார்கள். கறுப்புத் திரையில் நான்கும் பூஜ்யம் வரிசையில் வந்தன. டேலி திறந்தது. டி.சி. எண் வந்தது. ஈ-வே பில் தளத்தில் நுழைய ஓ.டி.பி. முதலாளியின் போனுக்குப் போகும். முதலாளி ஜிகணியில் ஒரு வாடிக்கையாளர் கம்பெனியில் இருந்தார். அந்த அம்மா அழைத்தார், லைன் கிடைக்கவில்லை. இந்தப் பட்டறையிலேயே ஜன்னலோரம் நின்றால் சில போன்கள் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்ளும்; ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் சிப்காட்காரர்கள் ஜன்னலோரம் போனை வைக்கவே பயப்படுவார்களாம். மறுபடி அழைத்தார். முதலாளி எண்ணைச் சொல்ல, அந்த அம்மா உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தார். வண்டி எண்ணைப் போட்டார். பிரிண்டர் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தாளைத் தள்ளியது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி என்ற கணக்கில், முக்கால் மணி நேரப் பயணத்துக்கு மறுநாள் நள்ளிரவு வரை அனுமதி.

டிரைவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். தாத்தா ரெஜிஸ்டரில் நேரம் எழுதினார்.

பையன் பில் எழுத உட்கார்ந்தபோது போன் வந்தது. முதலாளிதான். அந்த அம்மா ஸ்பீக்கரில் போட்டார். நெட் சரியாயிற்றா என்று கேட்டுவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்: கேமராவை வீட்டிலிருந்தே போனில் பார்க்க வேண்டும், குறிப்பாக ஆபீஸ் அறைக் கேமரா. பழைய இணைப்பில் அது தெரிந்துகொண்டிருந்தது.

பையன் வெள்ளைப் பெட்டியில் பார்க்க மட்டும் முடிகிற பக்கத்தைத் திறந்து, அதற்கு வெளியிலிருந்து வந்திருக்கும் எண்ணைப் பார்த்தான். 100.72 என்று தொடங்கியது.

“சார், இது பொது நம்பர் இல்ல. 100.64லேர்ந்து 100.127 வரைக்கும் லைன் கம்பெனிக்காரங்க அவங்களுக்குள்ள வெச்சுக்கிற நம்பர். ஒரு நம்பர வெச்சு நிறைய வாடிக்கையாளருக்கு ஓட்டுறாங்க. நம்ம ரெண்டு கேட்டுக்கு வெளிய அவங்க கேட் ஒண்ணு இருக்கு. உள்ளேர்ந்து வெளிய போறது பிரச்சினையில்ல. வெளியிலேர்ந்து நீங்களா கூப்பிட்டா அந்தக் கேட்லயே திருப்பி அனுப்பிடும். நம்ம கேமரா பெட்டியும் பழசு, கிளவுட் கிடையாது. ஒண்ணு கேமரா பெட்டிய மாத்தணும். இல்ல, லைன்காரங்ககிட்ட ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்கணும், அதுக்குத் தனியா பணம் கட்டணும்.”

2012இல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. இந்த ஊரில் பல பேர் மூன்றாவது கேட்டுக்குள்ளேதான் இருக்கிறார்கள், அப்படியொரு கேட் இருப்பது தெரியாமல்.

ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் ஜிகணியின் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு ஆகும் என்றார் முதலாளி. பையன் சொன்னான். சரி, அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று வைத்துவிட்டார்.

அந்த அம்மா ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சர்வீஸ் தாளில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். கூரை மூலையில் இருந்த கேமராவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

“அடுத்த மாசமும் அவசரமில்ல தம்பி,” என்றார்.